இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஆசிட் ஊற்றலாமா?

கேள்வி | 2023 ஏப்ரல் 15, காலை

வீட்டில் இருப்பது 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) டியூபுலர் (குழாய்த் தகடு) பேட்டரி. வாங்கி மூன்று ஆண்டுதான் ஆகிறது. முன்பெல்லாம் இரண்டு மின்விசிறி, நான்கு விளக்கு போட்டால் நான்கு மணி நேரம் தாங்கும். இப்போது முக்கால் மணி நேரத்திலேயே இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்துவிடுகிறது. கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, "ஆசிட் செத்துவிட்டது. பழையதைக் கவிழ்த்துவிட்டுப் புது ஆசிட் ஊற்றினால் இன்னும் இரண்டு வருடம் ஓடும்" என்கிறார். ஊற்றலாமா? அல்லது புது பேட்டரியே வாங்கிவிடலாமா?

பதில் | ஏப்ரல் 15, இரவு

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். கடைக்காரர் நாளைக்கு வருவதாகச் சொல்லியிருந்தால் இன்றே தொலைபேசியில் நிறுத்திவிடுங்கள்.

ஆசிட் சாகாது. பேட்டரி மின்சாரம் கொடுக்கும்போது அமிலத்தில் இருக்கும் சல்பேட் இரண்டு வகைத் தகடுகளிலும் ஈய சல்பேட்டாகப் போய் ஒட்டுகிறது. சார்ஜ் ஏறும்போது தகட்டை விட்டு அமிலத்துக்கே திரும்புகிறது. உங்கள் பேட்டரியில் அமிலம் நீர்த்துப் போயிருக்கிறது என்றால், போன பங்கு தகட்டில்தான் உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். அதை அங்கேயே விட்டுவிட்டு வெளியிலிருந்து புது அமிலம் ஊற்றினால் அடர்த்தியை அளக்கும் கருவி நல்ல எண்ணைக் காட்டும், தகடு அப்படியே இருக்கும். பிறகு ஒரு நாள் நன்றாகச் சார்ஜ் ஏறித் தகட்டில் இருந்ததும் கரைந்து வந்தால், அமிலம் அளவுக்கு மீறிக் கடுமையாகி, தகட்டைத் தாங்கும் ஈயச் சட்டத்தையே அரிக்கும்.

கவிழ்ப்பது அதைவிட மோசம். ஒவ்வொரு செல்லின், அதாவது பேட்டரிக்குள் இருக்கும் தனித்தனி அறையின், அடியில் தகட்டிலிருந்து உதிர்ந்த தூள் படிந்திருக்கும். கவிழ்த்தால் அது தகடுகளுக்கு நடுவே போய்ச் சிக்கும். ஒரு செல் உள்ளுக்குள்ளேயே குறுக்கிணைப்பு ஆகிவிட்டால் மீட்க வழி கிடையாது.

பதில் | ஏப்ரல் 16

என்ன செய்ய வேண்டும் என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் ஒன்று வாங்குங்கள். பேட்டரி கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அது இல்லாமல் பேட்டரி நல்லது, கெட்டது என்று யார் தீர்ப்புச் சொன்னாலும் ஏற்காதீர்கள். இன்வெர்ட்டர் முகப்பில் எரியும் பச்சை விளக்கையும் நம்ப வேண்டாம். அது மொத்த மின்னழுத்தத்தைத்தான் பார்க்கிறது, உள்ளே இருக்கும் ஆறு செல்களில் எது நோயாளி என்று அதற்குத் தெரியாது.

அளக்கும் முறை: இரவு முழுதும் சார்ஜ் ஏறட்டும். காலையில் இன்வெர்ட்டரை அணைத்து இரண்டு மணி நேரம் விடுங்கள். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், மூக்குக் கண்ணாடி போதாது, பக்கங்களும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். ஒரு மூடியைக் கழற்றி, ஹைட்ரோமீட்டரின் ரப்பர்க் குமிழை அமுக்கிக்கொண்டு குழாயை உள்ளே விட்டு மெதுவாகத் தளர்த்துங்கள். அமிலம் ஏறி, உள்ளே உள்ள மிதவை எழும். மிதவை பெரும்பாலும் கண்ணாடிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும், விரல் நகத்தால் இரண்டு தட்டுத் தட்டினால் விடுபட்டு ஆடி நிற்கும். கண்ணை அமில மட்டத்துக்குக் கொண்டுவந்து படியுங்கள். சுவரோரம் அமிலம் சற்று ஏறியிருக்கும், அந்த விளிம்பைப் படிக்காமல் நடுமட்டத்தைப் படிக்க வேண்டும். எடுத்த அமிலத்தை அதே செல்லில் திருப்பி விடுங்கள். நிறத்தையும் கவனியுங்கள். பழுப்பாகக் கலங்கி வந்தால் நேர்மின் தகடு உதிர்கிறது.

ஆறு எண்களையும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி இங்கே போடுங்கள். தண்ணீர் விட்டவுடன் அளக்காதீர்கள், விட்ட தண்ணீர் மேலே நிற்கும், எண் பொய் சொல்லும்.

பதில் | ஏப்ரல் 16, சற்று நேரம் கழித்து

"இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தென் மாவட்டத்துத் தொலைபேசி நிலையம் ஒன்றின் பேட்டரி அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஊரே இருட்டில் கிடந்தாலும் தொலைபேசி ஒலித்ததென்றால் அந்த அறைதான் காரணம். 2 வோல்ட் செல் 24, வரிசையாக இணைத்தால் 48 வோல்ட். எங்கள் பழைய செல்கள் கண்ணாடித் தொட்டியில் இருந்தன. நேர்மின் தகடு சாக்லேட் நிறம், எதிர்மின் தகடு சிலேட்டுச் சாம்பல். சார்ஜ் முடியும் தறுவாயில் இரண்டு தகடுகளிலிருந்தும் சின்னச் சின்னக் குமிழிகள் வரிசையாக எழும். இன்றைய கறுப்பு, வெள்ளை பிளாஸ்டிக் பெட்டிக்குள் நடப்பதும் அதேதான், கண்ணில் படாததால் மக்கள் மறந்துவிடுகிறார்கள். மாதிரி செல் என்று ஒன்றை வைத்து நாள்தோறும் அதன் அடர்த்தியையும் வெப்பத்தையும் பதிவேட்டில் எழுதுவோம். அந்தப் பதிவேட்டைப் புரட்டினால் எந்தச் செல் எப்போது சோர்ந்தது என்று கண்டுபிடித்துவிடலாம்.

பதில் | ஏப்ரல் 19

கேள்வி கேட்டவர் எண்களைப் போட்டுவிட்டார்: 1195, 1200, 1190, 1195, 1200, 1195 (தண்ணீரின் அடர்த்தியை 1000 என்று வைத்த கணக்கு). நல்ல செய்தி!

ஏன் நல்ல செய்தி என்கிறேன்? டியூபுலர் இன்வெர்ட்டர் பேட்டரி முழுச் சார்ஜில் பொதுவாக 1240 காட்ட வேண்டும். கார் பேட்டரி என்றால் 1265 சுற்றி. உங்களுடையது எல்லாமே குறைவு, ஆனால் ஆறும் ஏறக்குறைய ஒரே எண்ணில் நிற்கின்றன. ஐந்து செல் 1240 காட்டி ஒன்று மட்டும் 1150 காட்டியிருந்தால் அந்தச் செல் முடிந்தது, பேட்டரியும் முடிந்தது என்றிருப்பேன். செல்லுக்குச் செல் 50 புள்ளி வித்தியாசம் வந்தால்தான் கவலை. ஆறும் ஒன்றாகக் குறைந்திருக்கிறது என்றால் பேட்டரி பட்டினி கிடக்கிறது. சார்ஜ் போதவில்லை.

இன்வெர்ட்டரின் பின்பக்கம் பாருங்கள். பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்கும் சிறு சுவிட்ச் பல இன்வெர்ட்டர்களில் உண்டு. தட்டைத் தகடு, டியூபுலர், பராமரிப்பில்லா மூடிய பேட்டரி என்று மூன்று நிலை இருக்கும். டியூபுலருக்கு உச்ச மின்னழுத்தம் கூடுதலாக வேண்டும். மூடிய பேட்டரி நிலையில் சுவிட்ச் நின்றுவிட்டால் டியூபுலர் பேட்டரி ஒருபோதும் வயிறு நிறையாது.

பதில் | ஏப்ரல் 20

சுவிட்ச் தவறான இடத்தில்தான் இருந்ததாம். மூன்று ஆண்டாக யாரும் பார்க்கவில்லை. பொருத்தியவர் அரை நிமிடம் செலவழித்திருந்தால் போதும். இதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. பல்லாயிரம் ரூபாய் கொடுத்து வாங்குகிறவருக்கு அந்த அரை நிமிடம் பாக்கி இருக்கிறது.

இனி: மாற்றிய பிறகு சில நாள் இடைவிடாமல் சார்ஜில் விடுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். நாள்தோறும் அளக்க வேண்டாம், வாரம் ஒருமுறை போதும். நாள்பட்ட சல்பேட் படிகம் கல்லாகி இருந்தால் முழுதும் திரும்பாது, பாதி திரும்பினாலும் லாபம்.

பதில் | ஏப்ரல் 23

"குறைவாகச் சார்ஜ் ஏற்றினால் பேட்டரிக்கு நல்லதுதானே, சூடாகாதே?" என்கிறார் ஒருவர். இந்த எண்ணம்தான் தமிழ்நாட்டில் பேட்டரிகளைக் கொன்றது. 2012 மின்வெட்டை நினைத்துப் பாருங்கள். சென்னைக்கு வெளியே ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும். வீடு வீடாக இன்வெர்ட்டர் வாங்கினார்கள். அவற்றில் நிறைய பேட்டரிகள் சீக்கிரமே படுத்துவிட்டன. பேட்டரியின் முதல் எண்பது விழுக்காடு வேகமாக நிரம்பும். கடைசி இருபது விழுக்காடு மெல்ல, பல மணி நேரம் எடுத்துத்தான் ஏறும். மணிக்கொரு தரம் மின்சாரம் போனால் அந்தக் கடைசிப் பகுதி எட்டவே எட்டாது. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் சல்பேட் தகட்டிலேயே தங்கி, சிறு துகளாக இருந்தது பெரிய படிகமாக வளர்ந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. கனமான அமிலம் செல்லின் அடிக்கு இறங்கிவிடும், மேலே நீர்த்தது நிற்கும். சார்ஜின் கடைசிக் கட்டத்தில் கிளம்பும் குமிழிகள்தான் அதைக் கலக்கி ஒன்றாக்குகின்றன. கடைசிக் கட்டமே வராத பேட்டரியில் தகட்டின் அடிப்பாகம் கடும் அமிலத்தில் ஊறிக் கெடும்.

முழுக்கக் காலி செய்து பிறகு ஏற்ற வேண்டும் என்பதும் தவறு. அது நிக்கல் காட்மியம் செல் காலத்துப் பாடம். ஈய அமில பேட்டரிக்கு அந்த ஞாபகம் கிடையாது. பாதியோடு நிறுத்தி உடனே ஏற்றினால் அதன் ஆயுள் கூடும்.

பதில் | ஏப்ரல் 30

1195 என்று நின்றது 1225 தொட்டிருக்கிறது. விட்டுவிடாதீர்கள்.

பதில் | மே 9

அக்னி நட்சத்திரம். தண்ணீர் பற்றிய கேள்விகள் குவிகின்றன, ஒன்றாகவே சொல்லிவிடுகிறேன்.

டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். ஆர்ஓ தண்ணீரில் கரைந்த உப்பு குறைவாக இருக்கும், இல்லாமல் போகாது. கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர் இன்னும் கெடுதல், நீராவியாகப் போவது நீர் மட்டுமே, உப்பு அங்கேயே தங்கிச் செறிவாகும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் பார்வைக்குப் பளிங்கு போல இருக்கும், ஆனால் செம்பு, அலுமினியம், தூசி எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு வருகிறது. இரும்பு கொஞ்சம் கலந்தாலும் போதும், அது தகட்டுக்குத் தகடு ஓடி ஓடி, சும்மா இருக்கும் பேட்டரியையே காலி செய்யும். குளோரைடு ஈயச் சட்டத்தை அரிக்கும்.

மாதம் ஒருமுறை, பேட்டரி மூடியில் நீர்மட்டம் காட்டும் மிதவைக் குச்சியைப் பாருங்கள். சிவப்புக் கோட்டுக்கு இறங்கும் முன் விடுங்கள். சார்ஜ் ஏறிய பிறகு விடுவதுதான் முறை. ஏறும்போது மட்டம் உயரும், முன்பே விளிம்பு வரை ஊற்றினால் வழிந்துவிடும். தகடு வெளியே தெரிகிற அளவுக்கு வற்றியிருந்தால் மட்டும் தகடு மூழ்கும் வரை முதலில் விட்டு, சார்ஜ் ஏற்றி, பிறகு மீதியை விடுங்கள்.

பதில் | மே 10

மதுரை வாசகர் ஒருவர் பிடித்துவிட்டார்: "எந்நாளும் ஆசிட் ஊற்றாதே என்கிறீர்கள், வழிந்துபோன அமிலத்துக்கு என்ன செய்வது?" நியாயமான கேள்வி. ஏப்ரல் 15இல் சொன்னது சார்ஜ் குறைந்த பேட்டரிக்கு. பேட்டரி சாய்ந்தோ வழிந்தோ அமிலமே வெளியேறிவிட்டால் அந்தப் பங்கு சல்பேட் தகட்டிலும் இல்லை, செல்லிலும் இல்லை. அப்போது முழுச் சார்ஜ் ஏற்றி, அளந்து, குறைந்த செல்லுக்கு மட்டும் அதே அடர்த்தி அமிலம் சேர்ப்பார்கள். பழகியவர் செய்யட்டும். அடர் அமிலம் வாங்கி வீட்டில் நீர்க்கக் கலக்கும் வேலையில் யாரும் இறங்காதீர்கள். தண்ணீரில்தான் அமிலத்தைச் சேர்க்க வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். பருத்திச் சட்டையில் ஒரு துளி பட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது, துவைத்து உலர்த்தும்போது ஓட்டை விழுந்திருக்கும்.

பதில் | மே 21

வெப்பம். மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் பேட்டரி வைத்திருக்கும் படம் ஒன்று போட்டிருக்கிறார்கள். தயவுசெய்து கீழே இறக்குங்கள். பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது இத்துறையில் எல்லோரும் கைக்கொள்ளும் கணக்கு. சூட்டில் ரசாயன வேகம் கூடி, நேர்மின் சட்டம் அரிப்பதும் தண்ணீர் வற்றுவதும் சேர்ந்தே கூடும்.

1240 என்று சொன்னேனே, அது 27 டிகிரியில். அமிலம் 41 டிகிரி இருந்தால் ஹைட்ரோமீட்டர் 1230 காட்டும், 10 புள்ளி கூட்டிக்கொள்ளுங்கள். டிகிரிக்கு 0.7 புள்ளி. மே மாத எண்ணை ஜனவரி எண்ணோடு அப்படியே ஒப்பிட்டுப் பதற வேண்டாம்.

பதில் | ஜூன் 18

துண்டு துண்டாகக் கேட்டவற்றுக்கு:

சிமெண்டுத் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கும் என்பது மரப்பெட்டி பேட்டரிக் காலத்துப் பேச்சு. இன்றைய பாலிபுரொப்பிலீன் பெட்டிக்குப் பொருந்தாது. ஈரம் படாமல் இருக்கட்டும், அவ்வளவுதான்.

எப்சம் உப்பு போட்டால் பிழைக்கும் என்று காணொளி அனுப்பியவருக்கு: மெக்னீசியம் சல்பேட் தகட்டுப் படிகத்தைக் கரைக்காது. போடாதீர்கள்.

இரண்டு பேட்டரி வரிசையாக உள்ள 24 வோல்ட் இன்வெர்ட்டரில் ஒன்றை மட்டும் மாற்றலாமா? கூடாது. இரண்டிலும் ஓடுவது ஒரே மின்னோட்டம். பழையது முதலில் காலியாகி அதற்கு மேலும் உறிஞ்சப்படும், சார்ஜ் ஏறும்போது அதுவே முதலில் கொதிக்கும்.

150 ஏஎச் என்றால் 15 ஆம்பியர் பத்து மணி நேரம் வருமா? வராது. அந்த எண் 20 மணி நேரக் கணக்கு, 7.5 ஆம்பியர் வீதம் எடுத்தால்தான் 150. வேகமாக எடுத்தால் கிடைப்பது குறையும். பாய்கெர்ட் என்ற ஜெர்மானியர் 1897இலேயே இதைச் சூத்திரமாக எழுதிவிட்டார். மிக்சியையும் குளிர்சாதனப் பெட்டியையும் இன்வெர்ட்டரில் போட்டுவிட்டுப் பேட்டரியைத் திட்டுவது நியாயமில்லை.

டெர்மினலில் பூத்த வெள்ளைப் பச்சைப் பூவுக்கு: இன்வெர்ட்டரை அணைத்து, எதிர்மின் கம்பியை முதலில் கழற்றி, சமையல் சோடா கரைசலால் கழுவித் துடைத்து, இறுக்கி மாட்டி வாசலின் தடவுங்கள். சோடா ஒரு சொட்டும் செல்லுக்குள் போகக் கூடாது.

பதில் | அக்டோபர் 22

நாளை ஆயுத பூஜை. இன்வெர்ட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைக்கும் வீடுகள் நிறைய. வையுங்கள், உழைக்கிற பொருளுக்கு மரியாதை செய்வது நம் வழக்கம், எங்கள் பேட்டரி அறைக் கதவுக்கும் மாவிலைத் தோரணம் கட்டியதுண்டு. ஆனால் பொட்டு பெட்டியின் பக்கவாட்டில் மட்டும் இருக்கட்டும், மூடியின் காற்றுத் துளையை அடைக்காதீர்கள். கற்பூரத்தை அதன் அருகில் கொண்டுபோகவே கூடாது. சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், காற்றில் 4 விழுக்காடு சேர்ந்தாலே தீப்பற்றும். மாடிப்படிக்குக் கீழே, கதவு போட்ட அலமாரிக்குள் பேட்டரியும் அதன் மேல் தட்டில் விளக்கும் வைத்திருந்த வீட்டை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். தீபாராதனையை வாசலில் காட்டிவிட்டு வாருங்கள்.

பதில் | டிசம்பர் 8

மிக்ஜாம் புயல் வெள்ளம் சென்னையில் வீடுகளுக்குள் புகுந்த பிறகு இந்த இழை மறுபடி விழித்திருக்கிறது. அவசரமானதை முதலில் சொல்கிறேன். தெருவில் மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள் என்று நம்பித் தண்ணீருக்குள் கை விடாதீர்கள். இன்வெர்ட்டர் ஓடிக்கொண்டிருந்தால் வீட்டுக் கம்பிகளில் 230 வோல்ட் இருக்கிறது. தண்ணீர் ஏறுமுன் மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்துவிட வேண்டும். ஏறிவிட்டால் நனைந்த கையோடு போய் அணைக்காமல் வெளியே வந்து மின்பணியாளரை அழையுங்கள்.

வடிந்த பிறகு: வெள்ளம் பேட்டரி மூடிக்குக் கீழேயே நின்றிருந்தால் துடைத்து உலர்த்தி ஆறு செல்லையும் அளந்து பாருங்கள், பிழைத்திருக்கும். மூடிக்கு மேல் போயிருந்தால் சாக்கடையும் சேறும் உள்ளே கலந்திருக்கும், அதைக் காப்பாற்ற முயல வேண்டாம். உள்ளிருப்பதைச் சாக்கடையில் கொட்டாதீர்கள், அதில் ஈயம் கரைந்திருக்கிறது.

பதில் | டிசம்பர் 24

தூத்துக்குடி, நெல்லைப் பக்கம் இப்போது அதே கதை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. அங்கிருந்து கேட்டவர்களுக்கு டிசம்பர் 8 குறிப்பு அப்படியே பொருந்தும். ஒன்று மட்டும் கூடுதல்: உப்பளப் பகுதித் தண்ணீர் புகுந்த பேட்டரியைச் சார்ஜில் போடவே போடாதீர்கள். உப்பு கலந்த அமிலத்தில் சார்ஜ் ஏறினால் குளோரின் வாயு வரும், மூடிய அறையில் அது ஆபத்து.

பதில் | 2024 ஜனவரி 7

பழைய பேட்டரியை என்ன செய்வது என்று வெள்ளம் கண்ட வீட்டுக்காரர்கள் கேட்கிறார்கள். காயலான் கடைக்காரர் கூடுதல் விலை தருகிறார் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். அவர் அதை எங்கே அனுப்புகிறார் என்று கேளுங்கள். கொல்லைப்புறத்தில் உடைத்து, அமிலத்தை மண்ணில் விட்டு, ஈயத்தை அடுப்பில் உருக்குகிற இடங்கள் இருக்கின்றன. அந்தப் புகையும் தூசியும் குழந்தைகளின் ரத்தத்தில் சேர்ந்து மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். 2001 விதிகளிலிருந்தே விற்பனையாளர் பழைய பேட்டரியைத் திரும்பப் பெற வேண்டும், 2022 விதிகள் தயாரிப்பாளரையே பொறுப்பாக்கிவிட்டன. புது பேட்டரி வாங்கும் கடையிலேயே கொடுத்து, கழித்த தொகையை ரசீதில் எழுதி வாங்குங்கள். அமிலத்தை வடித்துவிட்டுக் கொண்டுவரச் சொல்லும் கடை என்றால் வேறு கடைக்குப் போங்கள்.

எடுத்துச் செல்லும்போது நிமிர்ந்தே இருக்கட்டும், டெர்மினல் இரண்டையும் டேப் சுற்றி மூடிவிடுங்கள். 150 ஏஎச் பேட்டரி அமிலத்தோடு ஐம்பது கிலோவுக்கு மேல் இருக்கும், தனியாகத் தூக்க வேண்டாம்.